நெட்டைக்காலன் வகையறா

பதினாறு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று கொம்பையாவுக்கு உறைத்தபோது பதினேழு இலையும் போட்டாகிவிட்டது. உடைமர நிழலில் ஒரே வரிசை. முதல் இலைக்கு முன்னால் அவர், மற்ற பதினாறு இலைக்கு முன்னால் வெயிலும் காற்றும். இலை பறந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கல்லெல்லாம் குனிந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். மைக்கில் துரைப்பழத்தின் குரல் "சட்டித்தலையன் வகையறா, சட்டித்தலையன் வகையறா, பந்திக்கு வாங்க" என்று முதல் வகையறாவை அழைத்தது. காவல்தெய்வம் ஓடைக்கரை மாடனுக்கு மொத்தம் ஏழு வகையறா. வருசத்துக்கு ஒரு கொடைத் திருவிழா, கொடைக்கு மறுநாள் மத்தியானம் கிடா வெட்டிய கறிச்சோறு, அதுவும் வகையறா வகையறாவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வாய்க்குப் போகும். நெட்டைக்காலன் வகையறா அஞ்சாவது. நெட்டைக்காலன் லேசுப்பட்ட ஆளில்லை. ஒரே எட்டில் ஓடையைத் தாண்டுவானாம், தாண்டும்போது அவன் நிழல் விழுந்து, பொழுது அடைந்துவிட்டதென்று மீனெல்லாம் தூங்கப் போய்விடுமாம். இதைக் கொம்பையா நூறு தரம் சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தரமும் ஓடை ஒரு முழம் அகன்றிருக்கிறது. அப்பேர்ப்பட்டவன் வம்சத்தில் இன்றைய தேதிக்கு உயிரோடு இருப்பது கொம்பையா ஒருத்தர்தான். அது மாடனுக்குத் தெரியும், கொம்பையாவுக்குத் தெரியும், கமிட்டிக்குச் சந்தேகம். காலையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்த கமிட்டி செயலாளர் துரைப்பழம், "இந்த வருசத்துல இருந்து கண்ணால பாத்த தலைதான் பெரியப்பா. அஞ்சு தலைக்குக் கொறஞ்ச வகையறாவைத் தனியாக் கூப்பிடுதது இல்லைன்னு தீர்மானம் போட்டாச்சு. நெருங்குன வகையறாவோட சேத்துருவோம். உங்களுக்கு நெருங்குனது நாங்கதான், சட்டித்தலையன்தான்" என்று பல்லைக் காட்டினான். சட்டித்தலையன் ஆட்களோடு கொம்பையாவின் அப்பா சாகும்வரை முகம் கொடுத்துப் பேசியதில்லை. "எங்க ஆளுவ பன்னெண்டரை பஸ்ஸுல வாறாவ" என்றார் கொம்பையா. "எத்தன பேரு?" "பதினேழு." வாய்ப்பழக்கம். இருபத்திரண்டு வருசமாகக் கூட்டிக் கூட்டிச் சொன்னதில் வாய் தானாக அந்த எண்ணில் போய் நின்றுவிட்டது. பலவேசம் செத்துப்போனதை வாய் மறந்துவிட்டது.

ஒன்று கூடுதல். யாருக்கென்று போட்ட இலை அது? பந்தியில் போட்ட இலையை எடுக்கக் கூடாது, பரிமாறின சோறு கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது, மிஞ்சினதைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். அது மாடன் போட்ட சட்டம். ஒன்றா, பதினாறா, எதைப் புதைப்பது என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. பதினாறு பேரையும் கண்ணால் காட்ட முடியாத ஆள் ஒற்றை இலைக்குக் கவலைப்படுகிறான். வகையறா என்றால் எத்தனை பேர்? அஞ்சு தலை என்று துரைப்பழம் சொல்கிறான், இவன் யார் சொல்ல? ஒரு ஆடு மந்தை ஆகாது, சரி. இரண்டு ஆடு? இரண்டு ஆடு என்றால் இரண்டு ஆடுதான். மூன்று? எந்த ஆடு வந்து சேர்ந்ததும் மந்தை என்கிற பேர் வானத்திலிருந்து இறங்கி எல்லா முதுகிலும் உட்காருகிறது? ஒரு எறும்பு எறும்புதான். அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று, எப்போது அது சாரை? இதோ அவருடைய இலை ஓரமாக ஒரு சாரை போய்க்கொண்டிருக்கிறது, இரண்டாவது இலையைத் தொட்டுக்கொண்டு, மூன்றாவது இலைக்கு அடியில் நுழைந்து. கொம்பையா விரலை நடுவில் வைத்தார். சாரை அறுந்தது. எறும்புகள் தனித்தனியாகத் திகைத்துச் சுற்றின, ஒவ்வொன்றும் வெறும் எறும்பானது. விரலை எடுத்ததும் சேர்ந்துகொண்டு, விரல் இருந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போயின. அந்த இடத்தில் இன்னும் விரல் இருக்கிற மாதிரி. இல்லாத விரலுக்கு வழிவிடுகிறதே சனியன் என்று கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். முப்பத்துநாலு வருசம் ரயில்வேயில் கேங்மேன். கேங் என்றால் பன்னிரண்டு ஆள். ஒருவன் ரிடையராவான், ஒருவன் தண்டவாளத்தில் மாட்டிக் காலை இழப்பான், மறுவாரம் வேறொருத்தன் சம்மட்டியோடு வந்து நிற்பான், கேங் அப்படியேதான் இருக்கும். கொம்பையா சேர்ந்தபோது இருந்த பன்னிரண்டு பேரில் அவர் ரிடையரானபோது ஒருத்தனும் இல்லை, ஆனால் அதே கேங், அதே நம்பர், டீ குடிக்க அதே புளியமரம், அதே கெட்ட வார்த்தைகூட. அப்படியானால் கேங் என்பது எது? ஆளும் இல்லை, சம்மட்டியும் இல்லை. ஆட்களைத் தின்று தின்று சாகாமல் கிடக்கிற ஒன்று. ஆள் தீர்ந்துபோனால் அது என்ன செய்யும்? பசித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்குமா? "கூனிப்பாறை வகையறா, கூனிப்பாறை வகையறா" என்றது மைக். இரண்டாவது.

கூனிப்பாறை ஆட்கள் திமுதிமுவென்று எழுந்து போனார்கள், ஒரு லாரி ஆட்கள், இடுப்பில் பிள்ளையும் கையில் செம்புமாக. போகிற போக்கில் அவர்களில் ஒரு பெண்பிள்ளை, யார் வீட்டு மருமகளோ மகளோ, "என்ன மாமா, ஒத்தையில இலையக் காவக் காக்கியளா? உங்க சூரத்துக்காரவ வரலியா?" என்று கேட்டாள். "வந்துகிட்டே இருக்காவ தாயி. தவசிக்கனிக்கு வழியில வண்டி மாறணும்லா" என்றார் கொம்பையா. தவசிக்கனி. சூரத்தில் துணி மில்லில் சூப்பர்வைசர், சித்தப்பா பேரன். சித்தப்பாவுக்குப் பிள்ளையே கிடையாது. முதலில் தவசிக்கனி மட்டும்தான் இருந்தான். பெண்டாட்டி போய்ச்சேர்ந்து, அவர் தனியாக வந்து நின்ற முதல் கொடையில் "எத்தன பேரு?" என்று கேட்டதும் ஒன்று என்று சொல்ல நாக்கு எழவில்லை, அந்தக் கூச்சத்தில் பிறந்தவன். பொய்யும் கிளைவிடும், பிள்ளை பெறும். மறுவருசம் தவசிக்கனிக்குக் கல்யாணம், அதற்கடுத்து இரட்டைப் பிள்ளை, அதில் ஒன்று பல்லோடு பிறந்தது. பட்டாளத்தில் ஒருத்தன், அவனுக்கு இடது கைப்பழக்கம். காது மந்தமான ஒரு மதினி, யார் என்ன கேட்டாலும் மணி என்னவென்று சொல்வாள். எல்லாரும் வருசா வருசம் பஸ்ஸைத் தவறவிட்டார்கள், அம்மை வந்து படுத்தார்கள், லீவு கிடைக்காமல் தவித்தார்கள், பேருக்கு விழுந்த சோறு மட்டும் குழிக்குப் போனது. கேட்பவர்களுக்கு அந்தக் கதைக்காகவே கொம்பையா வேண்டியிருந்தார். பலவேசம்தான் கோளாறு பண்ணினான். நாலு வருசத்துக்கு முன்னால், பந்தல்கால் நட்ட அன்றைக்கு, பலவேசம் எங்கே என்று யாரோ கேட்க, வெற்றிலையை மென்றுகொண்டே, ஒரு சுவாரசியத்துக்கு, "பலவேசம் போயிட்டான்யா, முந்தாநாத்து, பாம்பு" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயை மூடுவதற்குள் பந்தல்காலைப் பிடுங்கிவிட்டார்கள். பங்காளிச் சாவு, ஏழு வகையறாவுக்கும் பதினாறு நாள் தீட்டு. கொடை தள்ளிப்போனது. பதினாறாம் நாள் நாற்பது ஆண்பிள்ளைகள் ஓடையில் மீசையை வழித்துத் தலைமுழுகினார்கள், துரைப்பழத்தின் அப்பா தொண்ணூறு வயசில் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நடுங்கிக்கொண்டு, பிறக்கவே பிறக்காத ஒருத்தனுக்காக. சோற்றைக் கரையில் வைத்ததும் காக்கா வந்தது. ஒன்றல்ல, கூட்டமாக. காக்கா எடுத்தால் செத்தவன் ஏற்றுக்கொண்டான் என்றுதானே அர்த்தம்? அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் கொம்பையா அதைக் கவனித்தார். மற்ற பதினைந்து பேருடைய முகமும் அவர் நினைத்தால்தான் வரும், மூக்கை நீட்டினால் நீளும், மாற்றினால் மாறும். பலவேசத்தின் முகம் அவர் நினைக்காமலேயே வந்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்பை அவர் வைக்கவில்லை.

"வடக்குத் தோட்டத்து வகையறா." மூன்றாவது. பஸ் வந்தது. ரோட்டில் புழுதி எழுந்து, பஸ் வேகத்தைக் குறைத்து, கோயில் வளைவு முன்னால் நின்றது. கொம்பையாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது, என்ன வேடிக்கை, யாருமே வரமாட்டார்கள் என்று தெரிந்த ஆளுக்கு நெஞ்சு எதற்கு அடிக்க வேண்டும்? யாரும் இறங்கவில்லை. ஆனால் பஸ் உடனே கிளம்பவும் இல்லை. கண்டக்டர் படியில் நின்று "பாத்து இறங்குங்க, பாத்து, பிள்ளையப் பிடிங்க" என்று சொன்ன மாதிரி இருந்தது, புழுதிக்குள்ளிருந்து, இல்லை, உள்ளே யாரையாவது நகரச் சொல்லியிருப்பான். விசில். பஸ் போய்விட்டது. புழுதி மட்டும் பஸ்ஸோடு போகாமல் ரோட்டோரம் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. கூட்டம் என்பதே புழுதி மாதிரிதான், நின்று பார்த்தால் இருக்கும், கையை விட்டால் ஒன்றும் இராது. கையை விட்டால். வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம், வேறு எதையாவது நினை. யானைக்குக் கூட்டம், மாட்டுக்கு மந்தை, மேளக்காரர்களுக்கு செட்டு, பஜனைக்குக் கோஷ்டி, திருடர்களுக்குக் கும்பல், மாடு வாங்குகிறவனும் விற்கிறவனும் சேர்ந்தால் மாட்டுத்தாவணி. பங்குனித் தாவணி. போகாதே என்றால் மனசு அங்கேதான் போகும், கட்டின மாடா அது. பத்து வயசு அவருக்கு, ஆறு வயசு தங்கச்சி உச்சினிக்கு. ஜவ்வு மிட்டாய்க்காரன் உச்சினியின் மணிக்கட்டில் ரோஸ் கலரில் ஒரு வாட்சு கட்டிவிட்டான், முள்ளெல்லாம் வைத்து. அவள் அதை நக்கி நக்கி, நக்கின கையை அண்ணன் கைக்குள் கொடுத்தாள். "அண்ணே, மணி என்ன?" "உன் கையிலதான இருக்கு, பாரு." "ஒழுகுதுண்ணே." கை பிசுபிசுத்தது. விரலுக்கு நடுவில் மண்ணோடு சேர்ந்து ஒட்டியது. அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை, கோபம்கூட இல்லை. கையை உருவி டவுசரில் துடைத்தார். துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பவும் கையை நீட்டியபோது அங்கே வேட்டியும் மாட்டு வாலும் தார்க்கம்பும்தான் இருந்தன. அன்று முழுக்கத் தேடினார்கள், ஒரு மாசம் தேடினார்கள். "கையை விட்டியால?" என்று அப்பா கேட்டபோது, "நான் விடலப்பா. கூட்டம் பிடிச்சி இழுத்துக்கிட்டுப் போயிருச்சி" என்றார். அதுதான் அவர் சொன்ன முதல் கதை. அப்பா அடிக்காமல், மெதுவாகத்தான் கேட்டார்: "கூட்டத்துக்குக் கை இருந்துச்சால?" "இருந்துச்சிப்பா." இருந்தது என்றே வைத்துக்கொண்டார். ஊர் கேட்க கேட்க அந்தக் கைக்கு ரோமம் முளைத்தது, மோதிரம் முளைத்தது.

"பூவரசடி வகையறா." நாலாவது. நிழல் நகர்ந்து கொம்பையாவின் வலது முழங்காலில் வெயில் ஏறியது. அப்பா சாகும்வரை ஒவ்வொரு கொடையிலும் "எத்தன பேரு?" என்று கேட்டால் "உச்சினியோட சேத்து நாலு" என்பார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. நாலாவது இலையில் சோறு விழும், கறி விழும், ஈ உட்காராமல் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே இருப்பாள், கடைசியில் குழிக்குப் போகும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செத்திருந்தால் கன்னித் தெய்வம் என்று ஒரு பாவாடை வைத்துக் கும்பிட்டிருப்பார்கள். செத்ததும் தெரியாது, இருப்பதும் தெரியாது. அப்பா செத்த வருசம் கொம்பையா எண்ணிக்கை சொல்ல நின்றார், உச்சினியோட என்று தொடங்க வாயைத் திறந்தார், விரலுக்கு நடுவில் பிசுபிசுத்தது, இரண்டு என்று சொல்லிவிட்டார். அவரும் அம்மாவும். அந்த ஒரு இலையைப் போடாமல் விட்டவர்தான், பிறகு ஊரில் இல்லாத பதினாறு பேருக்கு இலை போட்டார். இன்றைக்கும் பேர் பேராக எண்ணிப் பார்த்தாயிற்று, தவசிக்கனி, அவன் பெண்டாட்டி, இரட்டை, மதினி, பட்டாளம் என்று விரல் மடக்கி. எத்தனை தரம் எண்ணினாலும் பதினைந்துதான், தன்னோடு பதினாறு. வகையறாவைச் சட்டித்தலையனோடு சேர்த்துவிட்டால் அடுத்த வருசம் மைக்கில் நெட்டைக்காலன் என்கிற சத்தமே கேட்காது. கேட்காவிட்டால் என்ன? பேர் கூப்பிட்டால்தானே வந்து உட்கார முடியும். எங்கேயோ ஒரு தாவணியில், இன்னும் ஆறு வயசில், ஒழுகுகிற வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒன்றுக்கு அந்தச் சத்தம் ஒன்றுதான் வழி. இப்படி நினைத்ததும் கொம்பையாவுக்குத் தன்மேலேயே திகைப்பாக இருந்தது. இத்தனை வருசம் பொய் சொன்னது மானத்துக்கு என்றல்லவா எண்ணியிருந்தார்.

"நெட்டைக்காலன் வகையறா, நெட்டைக்காலன் வகையறா, பந்திக்கு வாங்க." மைக் கரகரத்து நின்றது. கொம்பையா தலையைக் குனிந்துகொண்டார். தன் வகையறாவைக் கூப்பிட்ட நேரத்திலிருந்து பீடத்து மணி அடிக்கும்வரை யாரும் தன் இலையைவிட்டுக் கண்ணெடுக்கக் கூடாது, பந்திக்குள்ளே மாடன் நடப்பான், பார்த்தவனுக்குப் பார்வை போகும் என்பார்கள். பரிமாறுகிறவனுக்கு மட்டும் விலக்கு, அவன் நெற்றியில் மாடன் மை இருக்கும். இன்றைக்குப் பரிமாற வந்தது துரைப்பழமேதான், கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளத்தானே தீர்மானம். பீடத்துப் பக்கம், பதினேழாவது இலையிலிருந்து தொடங்கினான். "ஏ, கொம்பையா பெரியப்பா வீட்டு விருந்தாடியெல்லாம் வந்தாச்சுப்பா! வாங்க வாங்க சூரத்துத் தம்பி, என்ன மெலிஞ்சிட்டிய? இந்தாங்க, எலும்பு ரெண்டு கூட வச்சிருக்கேன்" என்று அவன் கத்த, மற்ற பந்திகளில் தலையைக் குனிந்தபடியே சிரித்தார்கள். சோறு இலையில் விழுகிற சத்தம், கரண்டி வாளியில் இடிக்கிற சத்தம். "பட்டாளத்து அண்ணாச்சி, இடது கையில சாப்பிடப்பிடாது, சாமி குத்தம்!" இன்னும் சிரிப்பு. கொம்பையா காது மடல் சுட, இலை நரம்பை எண்ணிக்கொண்டிருந்தார். "மதினி, கறி போதுமா? மதினி, கறி..." துரைப்பழம் நிறுத்தினான். பிறகு, யாருக்கோ பதில் சொல்கிறவன் போல, சத்தத்தைக் குறைத்து, "ஒண்ணேகால் ஆகுது மதினி" என்றான். சிரிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேய்ந்து அடங்கியது. நடிக்கிறான், கொம்பையா தனக்குள் சொல்லிக்கொண்டார், என் கதையை எனக்கே திருப்பிப் போடுகிறான், கேட்டுக் கேட்டு மனப்பாடம், கெட்டிக்காரப் பயல். ஆனால் கரண்டி இடிக்கிற சத்தம் ஏன் இப்படி நடுங்குகிறது? எறும்புச் சாரை அவர் இலையைவிட்டு அகன்று, இரண்டாவது இலைக்கு முன்னால் மண்ணில் எதையோ சுற்றிக்கொண்டு போனது, உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் மடித்த காலைச் சுற்றுகிற மாதிரி. அந்த இலை மேலிருந்த கல்லைக் காணோம். துரைப்பழம் நெருங்கி வந்தான். இப்போது கேலி இல்லை. "இந்தா வைக்கேன்... பொறுங்க, வைக்கேன்... எப்பா, புருவத்துல என்ன இம்புட்டுப் பெரிய காயம்" என்று முணுமுணுத்தபடி இரண்டாவது இலையைத் தாண்டி வந்து நின்றான். தழும்பைக் கொம்பையா யாரிடமும் சொன்னதே இல்லை.

வாளியிலிருந்து குழம்பு ஒரு சொட்டு அவர் பாதத்தில் விழுந்து சுட்டது. "பெரியப்பா" என்றான் துரைப்பழம். "பதினேழுன்னுதான சொன்னிய?" கொம்பையா தலை தூக்காமல், "ஆமா, ஒண்ணு கூடச் சொல்லிட்டேன்யா, தப்புதான்" என்றார். "கூடவா?" என்றான் துரைப்பழம். "இலை பத்தல பெரியப்பா. எல்லா இலையிலயும் ஆளு இருக்கு. சின்னப்புள்ள ஒண்ணு இலை இல்லாம நிக்கி." மணி இன்னும் அடிக்கவில்லை. கொம்பையாவின் கண் இலையிலேயே இருந்தது, அதன் பச்சையில் ஒரு சின்ன நிழல் விழுந்திருந்தது, உடைமரத்தின் நிழல் இல்லை. அவர் மனசு பழக்கதோஷத்தில் இதையும் ஒரு கதையாக்கப் பார்த்தது, எப்படித் தொடங்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று, ஒரு வார்த்தையும் வரவில்லை. "தள்ளி உக்காருண்ணே" என்று குரல் கேட்டது. கொம்பையா தள்ளி உட்கார்ந்தார். நிழலைவிட்டு வெளியே, பாதி உடம்பு வெயிலில், இலையில் பாதியை இடது பக்கத்துக்கு விட்டு. "அவளுக்கும் இதுலயே போடுய்யா" என்றார். "பதினெட்டுன்னு எழுதிக்கோ. உச்சினியோட சேத்து." சோறு விழுந்தது. தரையில் ஊன்றியிருந்த அவருடைய இடது கைக்குள் ஏதோ நுழைந்து இடம்பிடித்துக்கொண்டது, குளிர்ந்து, விரலுக்கு நடுவில் மண்ணோடு சேர்ந்து பிசுபிசுவென்று. பீடத்தில் மணி அடித்தது. மற்ற பந்திகள் தலை தூக்கிய சலசலப்பு கேட்டது. கொம்பையா தலை தூக்கவில்லை. கையையும் துடைக்கவில்லை.